செம்பில் இருந்த கங்கை

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஃபேன் காற்று அந்தக் கோடி வரைக்கும் வருகிறதா? சரி. இன்றைக்குச் சொல்லப்போவது பெரிய கதை இல்லை. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு செம்பளவுக் கதை. டில்லியில், ஜனக்புரியில், மரத்தடி நாய்கூட நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிடக்கிற ஒரு ஜூன் மாதத்துக் காலையில் நடந்தது. கேட்டு முடித்த கையோடு எழுந்துபோய் ஆளுக்கொரு தம்ளர் தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள். இப்போது கேளுங்கள்.

பட்டாபி ஸ்க்ரூ டிரைவரை வைத்துச் செம்பின் கழுத்தைக் குத்திக்கொண்டிருந்தார். முனை வழுக்கி வழுக்கிப் போயிற்று. ஈயம் வைத்து அடைத்த மூடி, அத்தனை லேசில் விடுவதாக இல்லை.

"அப்பா, ஜல்தி" என்றாள் ரோஹிணி. அவள் கட்டிலில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காமாக்ஷியின் மூச்சு ஒவ்வொன்றும் வந்துவிட்டு, அடுத்ததை அனுப்பலாமா வேண்டாமா என்று யோசித்தது.

"வந்துடுத்து, வந்துடுத்து."

அது ஹரித்வாரில் வாங்கின கங்கைச் செம்பு. கல்யாணமான புதிதில் பட்டாபியும் காமாக்ஷியும் ராத்திரி பஸ் பிடித்துப் போய் வாங்கி வந்தது. கடைக்காரன் அவர்கள் கண்ணெதிரே ஆற்றில் முக்கி எடுத்து, விளிம்பு வரை தளும்பத் தளும்ப மூடி, பற்றவைத்துக் கொடுத்தான். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் சமையலறைப் பலகையில் இருந்தது. ரிட்டயரான பிறகு ஜனக்புரி ஃப்ளாட்டுக்கு வந்து ஸ்வாமி அலமாரியில் உட்கார்ந்துகொண்டது. கடைசி வாய்த் தண்ணீருக்கென்று வைத்தது. அதனால் யாரும் அதன் பேரைச் சொல்வதில்லை, அது பாட்டுக்கு இருந்தது.

டக்கென்று மூடி பிய்ந்தது. பட்டாபி உத்தரணிக் கரண்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு செம்பைச் சாய்த்தார். ஒன்றும் வரவில்லை. இன்னும் சாய்த்தார். பிறகு தலைகீழாகவே கவிழ்த்தார். வெள்ளையாக ஏதோ ஒரு சிட்டிகைப் பொடி உதிர்ந்து போர்வையில் விழுந்தது. அவ்வளவுதான்.

அவர் செம்பின் வாயைக் கண்ணுக்கு நேரே வைத்து உள்ளே பார்த்தார்.

ரோஹிணி சமையலறைக்கு ஓடினாள். ஆர்.ஓ. குழாயைத் திறந்தால் அது நூலாகத்தான் வடியும். கிண்ணத்தில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு வந்து ஸ்பூனால் அம்மாவின் வாயில் விட்டாள். உள்ளே போகவில்லை. உதட்டோரமாக வழிந்து காதுக்கடியில் தலையணையில் இறங்கிற்று. ரோஹிணி அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரமாயிற்று.

திரும்பிப் பார்த்தாள். அப்பா கட்டிலருகில் இல்லை. செம்பைக் கையில் பிடித்தபடி பால்கனிக் கதவோரம் போய் நின்றுகொண்டிருந்தார்.

மூன்று மாதமாகவே அந்த வீட்டில் தண்ணீர்தான் பேச்சு. காமாக்ஷிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. உடம்பில் நீர் சேரக்கூடாது, அளந்துதான் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாழ்க்கை முழுக்க அரசாங்கச் சுற்றறிக்கைகளைப் படித்து, படித்தபடி நடந்த மனிதர் பட்டாபி. கோடு போட்ட தம்ளர் ஒன்றை வாங்கி வந்தார். அந்தக் கோட்டுக்கு மேல் ஒரு சொட்டு இல்லை. ரொம்பத் தாகம் என்றால் ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு ஐஸ் துண்டு. வாயில் வைத்துக் கரைய விடலாம்.

காமாக்ஷி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கு விஞ்ஞானம் எடுத்தவள். சும்மா இருப்பாளா?

"ஏன்னா, ஐஸும் ஜலந்தான். துகள் ஒண்ணுதான். அது நிக்கற நிலைதான் வேற. என்கிட்டயேவா?"

"டாக்டர் சொல்லியிருக்கார்."

"டாக்டர் ஏழாங்கிளாஸ்ல யார்கிட்ட படிச்சாராம்?"

ஒருநாள் அவள் ரொம்பக் கெஞ்சிவிட்டாள். பட்டாபி அலமாரியைப் பார்த்துக் கையைக் காட்டி, விளையாட்டுப்போலத்தான் சொன்னார்: "அந்தக் கங்கை பூரா உனக்குத்தான். அன்னிக்கு அளவு கிடையாது, போறுமா?" சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்து, எழுந்து உள்ளே போய்விட்டார். காமாக்ஷி சிரித்தாள். சிரித்துக்கொண்டே ரோஹிணியைப் பார்த்து, ஒன்றும் சொல்லாதே என்பதுபோலக் கண்ணை ஒருதரம் மூடித் திறந்தாள். எதைச் சொல்லாதே என்கிறாள் என்று ரோஹிணிக்கு அப்போது விளங்கவில்லை.

வெயில் ஏறுவதற்குள் மனிதர்கள் வந்துவிட்டார்கள். கீழ் ஃப்ளாட் மல்ஹோத்ரா ஆன்ட்டி, யாரும் கேட்காமலே, ரிக்ஷாவில் இரண்டு பெரிய பரஃப் பாளம், அதாவது ஐஸ் கட்டி, கொண்டுவந்து இறக்கினாள். கூடத்தில் தகரத் தட்டு போட்டு, பாளங்களை வைத்து, மேலே பலகையில் காமாக்ஷியைக் கிடத்தினார்கள். அரக்குக் கலர் கூறைப் புடவை. மஞ்சள் பூசின முகம். நெற்றியில் பெரிய குங்குமம். ஐஸ் உருகித் தட்டின் மூலையிலிருந்து சொட்டுச் சொட்டாக வாளியில் விழுந்தது. ரோஹிணி ஒரு பழைய துண்டை வைத்துக்கொண்டு வெளியே தெறித்ததைத் துடைத்தபடி இருந்தாள். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

காமாக்ஷியின் தம்பி சந்திரசேகர் ஆர்.கே.புரத்திலிருந்து வந்தார். அக்காவின் காலடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, நேரே பால்கனிக் கதவுக்குப் போனார்.

"அத்திம்பேர், சாஸ்திரிகள் வந்துட்டார். ஸ்நானம் பண்ணிட்டு வாங்கோ. பிள்ளை இல்லாத இடத்துல நீங்கதான் கர்த்தா. உச்சி வெயிலுக்கு முன்னாடி எடுத்தாகணும்."

பட்டாபி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர் ஃப்ளாட்டின் கூலரில் வைக்கோல் தட்டி நனைந்து நீர் வடிந்துகொண்டிருந்தது.

"காதுல விழறதா?"

பட்டாபி செம்பை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

சந்திரசேகர் திரும்பி வந்து ரோஹிணியின் பக்கத்தில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். அவர் தாழ்த்தின குரல் எதிர் வீட்டுக்குக் கேட்கும். "எப்பவும் இப்படித்தான் இவர். அக்கா பேசிண்டே இருப்பா, இவர் பேப்பரைப் பிரிச்சு மூஞ்சிக்கு நேரா வெச்சுண்டுடுவார். அந்த டிபார்ட்மென்ட்ல ஃபைல் தள்ளித் தள்ளி மனுஷன் ஸ்டீல் அல்மாரியாவே ஆயிட்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் வந்துதா பாரு."

"விடுங்கோ மாமா."

"நான் விட்டுடறேன். ஊர் விடுமா? கிட்டக்கூட வரலையேடி. அந்த வாயில ஒரு வாய் ஜலம் விடலையே."

ரோஹிணி துண்டைப் பிழிந்தாள். மாமா பேச்சு அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவளுக்குள்ளேயும் அதேதான் ஓடிற்று. ராத்திரி பகலாக அம்மாவுக்கு ஐஸ் எடுத்துக் கொடுத்த மனிதர், இப்போது ஒரு கூடத்தைக் கடந்து வர மாட்டேன் என்கிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் வண்டி வந்துவிடும். அப்புறம் அம்மாவை எங்கே தேடிப்போய்த் தண்ணீர் விடுவார்?

ராஜாத்தி டீச்சர் உள்ளே வந்தாள். காமாக்ஷியோடு ஒரே பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுத்தவள், திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. காமாக்ஷியின் கன்னத்தை ஒருதரம் தொட்டாள். ஐஸ் குளிர்ச்சி விரலில் ஏறியதும் கையை எடுத்துப் புடவைக்குள் மூடிக்கொண்டாள்.

"அக்கா க்ளாஸ் எடுத்தா நான் பக்கத்து க்ளாஸ்ல என் பாடத்த நிறுத்திட்டுக் கேப்பேன்" என்றாள், யாரைப் பார்த்தென்று இல்லாமல். "திடம், திரவம், வாயுன்னு ஒரு பாடம் வரும்லா, அதுக்கு எங்க அக்கா படமே போட மாட்டாங்க. 'பிள்ளைகளா, காலைல ஆபீஸ் டயத்துல நம்ம பஸ்ஸ நெனச்சுக்கோங்க, அதான் திடப்பொருள்'பாங்க. ஒருத்தன் தோள்ல ஒருத்தன் இடிச்சுக்கிட்டு, எவனும் எடம் மாற முடியாது. 'மத்தியானம் அதே பஸ், அதே மாதிரி ஆளுங்க, கூட்டம் மட்டும் கொஞ்சம் நெகிழ்ந்திருக்கும், உரசிக்கிட்டே முன்னால பின்னால போகலாம். அது திரவம். கடைசி ஸ்டாப்புல எல்லாரும் எறங்கி ஆளுக்கொரு திக்குல ஓடுறான் பாருங்க, அதான் வாயு.' பிள்ளைங்க பெஞ்ச எல்லாம் நகட்டி நடிச்சுக் காட்டும். ஒரே ரகளை."

மல்ஹோத்ரா ஆன்ட்டிக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் ராஜாத்தியின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"அப்புறம் சொல்வாங்க, 'எங்க வீட்டுக்காரர் தெனமும் திடப்பொருளா ஆபீஸ் போயி, திடப்பொருளாவே திரும்பி வர்றவர்'னு. க்ளாஸே கொல்லுனு சிரிக்கும்."

கூடத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"பாத்தியா, அவளே சர்ட்டிஃபிகேட் குடுத்துட்டா" என்றார் சந்திரசேகர்.

ராஜாத்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "முழுசாக் கேளுங்க சார். அதோட விட மாட்டாங்க. 'பஸ்ல நெருக்கி நிக்கிறவன் சும்மா நிக்கிறான்னு நெனைக்காதீங்க. இன்ஜின் ஓடுதுலா? ஒவ்வொருத்தனும் நின்ன எடத்துலயே நடுங்கிக்கிட்டுத்தான் இருப்பான். வெளிய நின்னு பாக்கறவனுக்குத் தெரியாது'ம்பாங்க."

வாளியில் ஒரு சொட்டு விழுந்தது. சாஸ்திரிகள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நேரத்தைப் பார்த்தார்.

"ரொம்பத் தாமதிக்கப்படாதும்மா" என்றார் ரோஹிணியிடம். "அப்பாவுக்கு முடியலைன்னா தர்ப்பையை அவர் கையால வாங்கிண்டு மாமா பண்ணலாம். அதுக்கும் அவர் வந்து குடுத்தாகணும். நீ போய்க் கேட்டுண்டு வா."

ரோஹிணி ஒரு தம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள். விடிந்ததிலிருந்து அவரும் ஒன்றும் குடித்திருக்கவில்லை.

"அப்பா, இதைக் குடி."

அவர் வாங்கவில்லை. ரோஹிணி கதவுக்கும் அவருக்கும் நடுவே இருந்த சந்தில் நுழைந்து பக்கத்தில் நின்றுகொண்டாள். இடம் குறுகல். அவளுடைய தோள் அவர் கையோடு உரசிற்று. எடுக்கலாமென்று நினைத்தவள் எடுக்கவில்லை. வெளிப்பார்வைக்கு அவர் மரம்போல நின்றார். சட்டை நுனிகூட ஆடவில்லை. ஆனால் தோள் பட்ட இடத்தில் அவளுக்குத் தெரிந்தது. சன்னமாக, விடாமல், உள்ளே எங்கோ ஓர் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கையிலிருந்த தம்ளரில் நீர் வளையம் வளையமாக அதிர்ந்தது.



"ஐஸ்தான் குடுத்தேன்" என்றார் பட்டாபி.

ரோஹிணி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நேத்து சாயங்காலம் ஜலம் கேட்டா. நல்லா ஒரு வாய் குடுங்கோன்னா. நான் ஐஸ்தான் குடுத்தேன். எங்கிட்டதான் கங்கை இருக்கேன்னு." அவர் செம்பைப் புரட்டினார். "ஓட்டைகூட இல்லைடி. பாரு. எங்க போச்சு? அந்தக் கடைக்காரனே காலிச் செம்பைக் குடுத்து ஏமாத்திட்டானா? அவளுக்குன்னு நான் வெச்சிருந்தது இது ஒண்ணுதான்."

ரோஹிணி செம்பை வாங்கி உள்ளே பார்த்தாள். செம்பின் சுவரில் வெண்மையாக ஒரு வளையம். அதற்குக் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே இன்னொன்று. குளம் வற்றும்போது படித்துறையில் தெரியுமே, அதுபோல. அம்மா கண்ணை மூடித் திறந்தாளே, எதைச் சொல்லாதே என்று, அது இதைத்தான்.

சொல்வதா, வேண்டாமா? அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். தோளில் படுகிற நடுக்கம் ஒரு பக்கம். கூடத்தில் அம்மாவுக்கடியில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது.

"அம்மாவுக்குத் தெரியும்பா" என்றாள்.

அவர் திரும்பினார்.

"நான் ஏழாவது படிக்கறச்சே. தீபாவளிக்குப் புளி போட்டுத் தேய்ச்சுண்டிருந்தா. காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பார்த்தா. என் காதுலயும் வெச்சா. உள்ள தளக் தளக்னு கேட்டுது. 'முழுசா இருந்தா சத்தம் வருமோடி? பத்து வெச்ச இடத்துல கண்ணுக்குத் தெரியாத துவாரம் இருக்கு. ஒண்ணு ஒண்ணாக் கிளம்பிப் போயிண்டிருக்கு'ன்னா. அப்பாகிட்டச் சொல்லலாமான்னு கேட்டேன். வேண்டாம், ஆசையா வாங்கினதுன்னா."

"எப்பவும் அவதான் தேய்ப்பா" என்றார் பட்டாபி மெதுவாக. "என்னைத் தொட விட மாட்டா."

"'ஐயோ, கங்கை போயிடுத்தே'ன்னு நான் அழுதேன். 'அசடே, எங்க போகும்? செம்புக்குள்ள நெருக்கியடிச்சுண்டு இருந்தது, இப்ப வீடு பூராப் பரவியிருக்கு. நீ, நான், அப்பா எல்லாரும் அதைத்தான் மூச்சா இழுத்துண்டிருக்கோம்'னா."

பட்டாபி கூடத்தைப் பார்த்தார். காலையிலிருந்து அப்போதுதான் முதல்முறையாக அந்தப் பக்கம் பார்த்தார்.

"அப்ப, அன்னிக்கு நான் கங்கை பூரா உனக்குத்தான்னு சொன்னப்போ…"

"ம்."

"சிரிச்சாளே."

"ம்."

அவர் ரோஹிணி கையிலிருந்து செம்பை வாங்கிக்கொண்டார். தம்ளர்த் தண்ணீரையும் வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். குளியலறைக்குப் போனார். தலையோடு தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஈர வேஷ்டியோடு வந்து, சமையலறைக்குள் நுழைந்து, ஆர்.ஓ. பக்கம் திரும்பாமல், பெரிய குழாயைத் திறந்து செம்பை நிரப்பினார். தளும்பத் தளும்ப.

கூடத்தில் எல்லோரும் வழிவிட்டார்கள். அவர் காமாக்ஷியின் தலைமாட்டில் முழங்காலிட்டார்.

சந்திரசேகர் சாஸ்திரிகளிடம் குனிந்தார். "குழாய் ஜலமா இருக்கே, பரவால்லையா?"

"ஸங்கல்பம் பண்ணிண்டா கங்கைதான்" என்றார் சாஸ்திரிகள். பட்டாபி பக்கம் திரும்பி, "நீங்க விடுங்கோ மாமா" என்றார்.

பட்டாபி செம்பைச் சாய்த்தார். உத்தரணி இல்லை, ஸ்பூன் இல்லை. மூடிய உதட்டின் மேல் தண்ணீர் விழுந்தது. இரண்டு பக்கமும் பிரிந்து, முகவாயில் கூடி, கழுத்து மடிப்பில் தங்கி, திருமாங்கல்யச் சரட்டை நனைத்துக் கூறைப் புடவையில் இறங்கிற்று. புடவையின் சிவப்பு கறுத்தது. பலகை விளிம்பில் வழிந்து, கீழே ஐஸ் கரைந்த நீரோடு சேர்ந்து, எது எதென்று தெரியாமல் வாளிக்குப் போயிற்று.

"போறும், அத்திம்பேர்" என்றார் சந்திரசேகர். குரல் இப்போது நிஜமாகவே தாழ்ந்திருந்தது.

"இன்னிக்கு அளவு கிடையாது" என்றார் பட்டாபி.

செம்பு காலியாகிற வரை விட்டார்.

வண்டி வந்தது. எடுத்துப்போனார்கள். ராஜாத்தி டீச்சரும் மல்ஹோத்ரா ஆன்ட்டியும் ஆளுக்கொரு பக்கமாக வீட்டைக் கழுவிவிட்டார்கள். மிச்சமிருந்த பரஃப் துண்டைப் பால்கனியில் வைத்தார்கள். வெயிலில் அது கொஞ்சமாகச் சுருங்கி, பிறகு ஈரமாகி, பிறகு அந்த ஈரமும் காய்ந்து, சிமெண்டுத் தரை எப்போதும்போல ஆகிவிட்டது.

சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்தபோது கூடத்தில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சந்திரசேகர் அன்றைக்கு வீட்டுக்குப் போகவில்லை. அத்திம்பேரின் பக்கத்தில் பாயைப் போட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். ராஜாத்தி கொடுத்தனுப்பிய மோரை இரண்டாக ஊற்றி, பெரிய பங்கை அத்திம்பேர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பட்டாபி எழுந்துபோய்ச் செம்பை மறுபடி நிரப்பிக்கொண்டு வந்து விளக்கின் பக்கத்தில் வைத்தார். பிய்ந்த மூடி உள்ளே கட்டிலுக்கடியில் கிடந்தது. ரோஹிணி அதைக் குனிந்து எடுத்து வந்தாள்.

"மேல வைக்கட்டுமாப்பா? தூசி விழும்."

"வேண்டாம்."

அவள் மூடியை அலமாரியின் பின்னால் போட்டாள்.

மறுநாள் காலையில் அவள் எழுந்து வந்தபோது மாமா சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்தார். விளக்குக்கு எண்ணெய் விட்டிருந்தது. வெயில் இன்னும் கூடத்துக்குள் வரவில்லை. செம்பில் தண்ணீர் ஒரு நூல் இறங்கியிருந்தது. அது நேற்று நின்ற இடம் செம்பின் உட்புறத்தில் மெல்லிசாக ஈரக் கோடாகத் தெரிந்தது. பட்டாபி அதன் பக்கத்தில், அம்மா தினமும் கோலப்பொடி டப்பாவோடு உட்காருகிற இடத்தில், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, ஆழமாக மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

ரோஹிணி ஃபேனைப் போடாமல் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவ்வளவுதான், கண்ணுகளா. போய்த் தண்ணீர் குடியுங்கள். தாகம் என்று வாய் திறப்பதற்கு முன்னால் தம்ளரை நீட்டுகிற ஒரு கை உங்கள் வீட்டில் என்றைக்கும் இருக்கட்டும். உங்கள் வீட்டுக் குடத்தில் தண்ணீரும், கூடத்தில் மனிதர்களின் மூச்சும் குறையாமல் நிறைந்திருக்கட்டும். நன்றாக இருங்கள்.